தரங்கம்பாடியில் ஒரு பகல்: அசல் ஊருக்கு என்ன குறை?

ஐரோப்பிய ஊர்களின் சாயலில் கேளிக்கைப் பூங்கா அமைக்கும் வழக்கத்துக்கு வயது சுமார் ஐம்பது. 1975 மே மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்பர்க் நகருக்கு அருகே புஷ் கார்டன்ஸ் திறக்கப்பட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி எனச் சிற்றூர்கள், ஊடே ரைன் என்று பெயரிடப்பட்ட ஓர் ஆறு என அதை அமைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் ரூஸ்ட் என்ற சிற்றூரில் ஐரோப்பா-பார்க் வந்தது. ராட்டினங்கள் தயாரிக்கும் மாக் குடும்பத்தினர் தங்கள் தயாரிப்புகளை மக்களுக்குக் காட்டுவதற்காக, ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தில் அதைத் தொடங்கினர். 1982-இல் இத்தாலியப் பகுதி சேர்ந்த பிறகுதான் நாட்டுக்கொரு பகுதி என்ற அமைப்பு உருவாயிற்று. இந்தியாவின் தீம் பார்க்குகளிலும் கூம்புக் கோபுரமும் மணிக்கூண்டும் கல் பாவிய தெருவும் இன்று வழக்கமான காட்சிகள்.

இவற்றுக்கெல்லாம் மூத்தது டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள டிவோலி பூங்கா. 1843 ஆகஸ்ட் 15 அன்று அது திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1845-இல், அதே டென்மார்க் சோழமண்டலக் கடற்கரையில் தான் 225 ஆண்டுகள் வைத்திருந்த தரங்கம்பாடியை, வங்காளத்தின் செராம்பூரோடு சேர்த்து, ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றது. டிவோலியில் இன்றும் கூட்டம் அலைமோதுகிறது. டேனிஷ்காரர்கள் கட்டிய அசல் ஊரான தரங்கம்பாடியிலோ வருகிறவர்கள் கோட்டை முன் படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வேன் ஏறிவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கட்டடங்களின் அழகோ பழமையோ அல்ல. தீம் பார்க் தன் வாடிக்கையாளருக்கு விற்பது ஒரு முழு நாளை. தரங்கம்பாடியில் அந்த நாளை யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை.

நல்ல தீம் பார்க்கின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அதன் சூத்திரம் பிடிபடும். முதலில் ஒரு வாயில். அதைக் கடந்ததும் வெளியுலகம் மறைந்துவிட வேண்டும். அடுத்து ஒரே நேரான தெரு. அதன் கோடியில் தொலைவிலிருந்தே கண்ணில் படும் உயரமான ஒரு கட்டடம். கால் தானாக அதை நோக்கி நடக்கும். 1955-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தில் அந்த வேலையைக் கோட்டை செய்கிறது. மாடிகள் உயரே போகப் போகச் சிறுத்துக் கட்டப்படுவதால், இருப்பதைவிட அது உயரமாகத் தெரிகிறது. பிறகு வருபவை கண்ணுக்குத் தெரியாத ஏற்பாடுகள்: உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை, கைக்குழந்தைக்காரிக்கு ஒதுக்கிடம், பசித்த வேளைக்குச் சாப்பாடு, அடுத்து எங்கே போவது என்று காட்டும் பலகை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வீட்டிலுள்ள பெரியவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கே 'போதும், கிளம்பலாம்' என்பார்கள்.

தரங்கம்பாடியைச் சுற்றியுள்ள காவிரி டெல்டாக்காரர்களுக்கு ஒருநாள் உல்லாசப் பயணம் புதிதல்ல. ஆடிப்பெருக்கன்று சித்ரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போவதும், காணும் பொங்கலன்று கல்லணைக்கும் பூம்புகாருக்கும் வண்டி கட்டிப் போவதும் தலைமுறைகளாக நடப்பவை. சம்பா, தாளடி அறுவடை முடியும் தை, மாசியில் கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கும். அந்த ஓய்வு இன்று பெரும்பாலும் தூரத்துத் தீம் பார்க்குகளுக்குப் போகிறது. பள்ளிச் சுற்றுலாக்களும் அப்படித்தான்: நள்ளிரவில் பேருந்து ஏறி, விடிந்ததும் வேறொரு மாவட்டத்திலோ மாநிலத்திலோ இறங்கி, அட்டையும் சிமென்ட்டும் கொண்டு கட்டிய ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு மறுநாள் இரவு திரும்புகிறார்கள். அதில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி உண்மையானது. அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் அசலே இருப்பதை அந்தப் பிள்ளைகளில் பலர் பாடப் புத்தகத்தின் ஒற்றை வரியாக மட்டுமே அறிவார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

தரங்கம்பாடியின் வரலாறு 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவ கெட்டேவுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தோடு திசை மாறியது. டென்மார்க் அரசருக்கு நாயக்கர் அனுப்பிய பொன் ஏட்டுக் கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடலோரத்தில் நிற்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

தீம் பார்க் வடிவமைப்பாளர்கள் பெரும் பொருட்செலவில் உருவாக்கும் அமைப்பு இந்த ஊருக்குத் தானாகவே வாய்த்திருக்கிறது. மேற்கே வெள்ளை நிற நகர வாயில். 1792-இல் புதுப்பிக்கப்பட்ட அதன் நெற்றியில் டேனிஷ் அரச முத்திரை. உள்ளே நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கிப் போகிறது. வீதியில் இரு தேவாலயங்கள் உள்ளன. ஒன்று 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம். மற்றது ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அடுத்த ஆண்டே இறந்துபோன அவர் அதற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். வீதி முடியும் இடத்தில் திறந்த மைதானம், அதன் கடலோரத்தில் டான்ஸ்போர்க் கோட்டை. வாயிலிலிருந்து கோட்டைக்கு ஒரு சிறுபிள்ளையால் கூட நடந்துவிட முடியும்.

கோட்டைக்குள் கீழ்த்தளத்தில் சரக்கறைகளும் சமையலறையும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் வசித்தார்கள். தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் சீனத் தேயிலை ஜாடிகள், வாள்கள், சிறு பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கில எலும்பு. பிள்ளைகள் திமிங்கில எலும்பின் முன்தான் நிற்பார்கள். இந்த எலும்பு எப்படி வந்தது, இந்த ஜாடி எந்தக் கப்பலில் ஏறியது, எதை விற்று எதை வாங்கினார்கள் என்று அங்கே ஒருவர் சொன்னால் அந்த ஓர் அறையிலேயே ஒரு மணி நேரம் போகும்.

நகலுக்கும் அசலுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. தீம் பார்க்கின் ஐரோப்பா கலப்பற்றது; ஜெர்மானியத் தெரு முழுக்க ஜெர்மானியத் தெருவாகவே இருக்கும். அசல் ஊர் அப்படி இல்லை. தரங்கம்பாடியின் ஐரோப்பிய வீடுகளில் உயரமான தூண்கள் உண்டு. ஆனால் வெயிலுக்கு அஞ்சிய ஆழமான தாழ்வாரங்களும் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக அவற்றை எழுப்பியவர்கள் உள்ளூர்க் கொத்தனார்கள். சில அடி தள்ளிப் பொற்கொல்லர் தெருவில் திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் கொண்ட தமிழ் வீடுகள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் டேனிஷ் உதவியோடு அவற்றில் சிலவற்றைச் செப்பனிட்டது. சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1706 ஜூலையில் வந்திறங்கிய அவர் உள்ளூர் ஆசிரியர்களிடம் தமிழ் கற்றார். இந்த ஊரில் நிறுவிய அச்சகத்தில் 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அச்சுக்குக் காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் ஏற்படுத்தப்பட்டது. உலகின் எந்தத் தீம் பார்க்கிலும் இப்படி ஒரு கதை கிடையாது.

டெல்டாவில் ஐரோப்பியச் சாயல் படிந்த இடம் இது ஒன்று மட்டுமல்ல. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் நிற்கும் மனோரா, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814–15-இல் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். தஞ்சையில் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா, 1871–72-இல் நகராட்சி ஏற்படுத்திய மக்கள் பூங்கா. ஊருக்குப் பொதுவான பூங்கா என்ற எண்ணமே அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். குளமும் மான்களும் சிறுவர் ரயிலுமாகத் தஞ்சைப் பிள்ளைகளுக்குப் பல தலைமுறைகளாக அதுவே கேளிக்கைப் பூங்காவாக இருந்தது. பக்கத்திலுள்ள சுவார்ட்ஸ் தேவாலயம் 1779-ஐச் சேர்ந்தது. மரணப் படுக்கையில் கிடக்கும் தன் ஆசான் சுவார்ட்ஸைச் சரபோஜி காண வரும் காட்சியை ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் அங்கே பளிங்கில் வடித்திருக்கிறார். ஒரு தமிழ்நாட்டு மன்னர் லண்டன் சிற்பியிடம் சொல்லிச் செய்வித்த அந்தச் சிற்பத்தைப் பெரிய கோயிலுக்கு வருபவர்களில் மிகச் சிலரே எட்டிப் பார்க்கிறார்கள்.

புஷ் கார்டன்ஸுக்கு அருகிலுள்ள அதே வில்லியம்ஸ்பர்க்கில், பூங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஓர் அசல் பழைய ஊரும் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு வர்ஜீனியாவின் தலைநகர் அது. 1926-இல் ராக்பெல்லரின் பொருளுதவியோடு அதை மீட்டெடுக்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே கொல்லன் பட்டறையில் இரும்பு அடிக்கிறார்கள். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து, மை தடவி, காகிதத்தை அழுத்தி எடுத்துக் காட்டுகிறார்கள். தெருவில் நடக்கக் கட்டணம் இல்லை. வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் உள்ளே போகத்தான் சீட்டு. நகல் ஊரும் அசல் ஊரும் ஒன்றையொன்று கெடுக்காமல் அரை நூற்றாண்டாக அருகருகே நிற்கின்றன.

இதில் தரங்கம்பாடி எடுத்துக்கொள்ள வேண்டியது வேலை செய்து காட்டும் முறையைத்தான். ஓர் அச்சு இயந்திரத்தை நிறுவி, ஈய எழுத்தில் தன் பெயரைக் கோத்து அச்சடித்து எடுத்துப் போகும் வாய்ப்பை ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் கொடுத்தால், அந்த நினைவு ரோலர் கோஸ்டரின் நினைவுக்குச் சற்றும் குறைந்ததாக இருக்காது. பொறையாறில் காகிதம் செய்து காட்டலாம். பொற்கொல்லர் தெருத் திண்ணையில் சுண்ணாம்புக் காரை இழைத்துக் காட்டலாம். எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை.

மற்றத் தேவைகள் இன்னும் எளியவை. கோட்டை மைதானத்தில் சித்திரை வெயிலில் முதியவர்கள் பத்து நிமிடம் நிற்க முடியாது. வாயிலிலிருந்து கடல் வரை நிழல் மரங்கள் வேண்டும். உப்புக் காற்றைத் தாங்கும் புங்கையும் பூவரசும் டெல்டாவுக்குப் பழக்கமானவை. கட்டுச்சோறு பிரித்து உட்கார ஒரு கூடம் வேண்டும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் முடித்து, பந்தி சாப்பாட்டுக்குப் பிறகு உறவினர்களோடு இங்கே வரும் வேன்கள் ஏராளம். அவர்கள் வந்து சேருவதே உச்சி வெயிலில். அவர்களுக்கு நல்ல கழிப்பறையும் உட்கார நிழலும் இருந்தால் மாலைக் கடற்காற்று வரை இருப்பார்கள். இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் உள்ளூர்க் கடைக்காரருக்கும் மீன் வறுத்து விற்கும் பெண்ணுக்கும் வருமானம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். தரங்கம்பாடி மக்கள் வாழும் ஊர். அதன் கடற்கரை மீனவர்களின் தொழிலிடம். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் அவர்களுக்கு அந்த மணல் வேண்டும். சுனாமியில் அவர்கள் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. அழகுபடுத்துகிறோம் என்று வேலி போட்டு, ஊரையே சீட்டு வாங்கி நுழையும் இடமாக்கினால் அது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. தெருவும் கடலும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். கட்டணம் கண்காட்சிகளுக்கும் செயல்முறை விளக்கங்களுக்கும் போதும். வழிகாட்டிகளாக ஊர்ப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுக்க வேண்டும்.

கடைசியாகப் போக்குவரத்து. ஆங்கிலேயர் கைக்கு வந்த பின் 1860 வரை தஞ்சை மாவட்டத்தின் கலெக்டர் இந்த ஊரிலிருந்துதான் நிர்வாகம் செய்தார். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் தரங்கம்பாடித் துறைமுகம் படுத்துவிட்டது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் வந்த ரயில் பாதையும் 1980-களில் மூடப்பட்டது. அதை மீண்டும் போடக் கோரி இப்பகுதி மக்கள் நீண்ட காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். ரயில் வர ஆண்டுகள் ஆகலாம். அதுவரை சுற்றுலாத் துறையும் போக்குவரத்துக் கழகமும் சேர்ந்து தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறையிலிருந்து சனி, ஞாயிறுகளில் காலையில் புறப்பட்டு இரவு வீடு சேர்க்கும் நேரடிப் பேருந்து விட முடியும். டெல்டா மாவட்டப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தங்கள் ஆண்டுச் சுற்றுலாவில் ஒன்றையாவது தரங்கம்பாடிக்கு ஒதுக்க வேண்டும். வரும் தை மாதத்திலேயே அதைத் தொடங்கலாம்.