கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது



மாணவர் பகுதிக்கு தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கட்டுரைகள் வந்து குவிந்திருக்கின்றன. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. ஆனால் பாதிப் பேர் எழுதியிருப்பது ‘கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது’! செங்கதிரோன் மறைகிறான், அலைகள் தாலாட்டுகின்றன, சுண்டல்காரர்கூடத் தவறாமல் வந்துவிடுகிறார். மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தின் கைங்கரியம்.

இதே பிள்ளையிடம் றப்பர் மலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடிய முன்னமே அம்மா போய் பட்டையைச் சீவுவது, சிரட்டையில் பால் சொட்டுவது, காய்ந்த ஒட்டுப்பாலைத் தனியே பிரித்தெடுப்பது என்று மூச்சுவிடாமல் சொல்லும். இரவு மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேருக்கும், அதாவது அன்றைய சம்பளத்துக்கும், ஆபத்து என்பதுவரை தெரிந்து வைத்திருக்கும். கொப்பியைத் திறந்ததும்தான் எங்கிருந்தோ கடல் வந்துவிடுகிறது.

இதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. தோட்டப் பிள்ளைகளுக்கும் கல்வி தர வேண்டும் என்ற 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகும் பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்றால் ஓர் அறை, ஒரு வாத்தியார். ஐந்து வகுப்பையும் அவரே மேய்க்க வேண்டும். சொல்வதெழுதுதலும் பார்த்தெழுதுதலும் இல்லாமல் அந்த மனிதர் எப்படிச் சமாளித்திருப்பார்? 1970களின் பிற்பாதியில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. கட்டடங்கள் வந்தன, ஆசிரியர்கள் வந்தார்கள். பார்த்தெழுதும் பழக்கம் மட்டும் பரீட்சையைப் பிடித்துக்கொண்டு தங்கிவிட்டது.

எழுத்தைப் பழக்குவதில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். சென்னையில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தமது எழும்பூர் அநாதைப் பள்ளியில் அதைச் செய்து பார்த்து, 1797இல் இலண்டனில் புத்தகமே போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளிலும் மணல் தட்டு வந்தது. எதை எழுதுவது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

ஜப்பானில் யமகத்தா மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் முச்சாக்கு செய்க்கியோ என்ற இளம் ஆசிரியர், மாணவர்களைத் தங்கள் வீட்டைப் பற்றியே எழுதச் சொன்னார். தாயை இழந்த ஒரு மாணவன், குடும்பத்தின் வரவு செலவையும் கடனையும் கணக்குப் போட்டு எழுதினான். அந்த வகுப்பின் எழுத்துக்கள் 1951இல் ‘மலை எதிரொலிப் பள்ளி’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாகி நாடெங்கும் பேசப்பட்டன. அடுத்த ஆண்டே திரைப்படமும் வந்தது. வறுமையைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஊரில் சிலர் கோபித்துக்கொண்டதும் உண்டு. நம் தோட்டங்களிலும் அந்தக் கோபம் வரும். வரட்டும்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு. லயத்து வீடு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா, மாணிக்கக்குழி, மண்சரிவுக்குப் பயந்து விழித்திருந்த இரவு, எதுவானாலும் எழுதலாம். ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: பிள்ளை எழுதியதை அப்படியே அனுப்புங்கள். ஒற்றுப்பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதைப் பிள்ளை ‘பெரட்டு’ என்று எழுதியிருந்தால் அதைத் திருத்த வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்