ஆணுக்கு வலிமை, பெண்ணுக்குப் பேய்

ஒரு பெண்ணின் கோபத்தை நம் கையில் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் பயந்தார்கள்? 'மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன் 2' விளையாடிய பெண்கள் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. அமெரிக்காவின் இன்சோம்னியாக் நிறுவனம் உருவாக்கி, சோனி நிறுவனம் 2023 அக்டோபர் 20 அன்று வெளியிட்ட வீடியோ கேம். முதல் 24 மணி நேரத்திலேயே 25 லட்சம் பிரதிகள் விற்றன. இத்தனை வீடுகளுக்குள் நுழையும் ஒரு கதையை 'வெறும் விளையாட்டு' என்று ஒதுக்கிவிட முடியாது.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018இல் வந்த முதல் பாகத்தின் தொடர்ச்சி இது. மன்ஹாட்டனோடு இந்த முறை புரூக்ளினும் குயின்ஸும் சேர்ந்திருக்கின்றன. பீட்டர் பார்க்கர், மைல்ஸ் மொராலெஸ் என்ற இரண்டு ஸ்பைடர்மேன்களாக மாறிமாறி அந்த நகரமெங்கும் வலைவிட்டுத் தாவலாம், இறக்கை விரித்துப் பறக்கலாம். அந்த இன்பத்தை நான் மறுக்கவில்லை. என் வழக்கு வேறு. இந்தக் கதையின் மையத்தில் 'சிம்பியோட்' என்ற வேற்றுக்கிரக உயிர் ஒன்று இருக்கிறது. கறுப்புப் பிசின் போல உடலோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே அடங்கிக் கிடக்கும் ஆத்திரத்தைக் கிளறிவிடுவது அது. கதையின் முக்கியப் பாத்திரங்களில் மூன்று பேரை அது பற்றுகிறது. மூவரையும் இந்த விளையாட்டு எப்படி நடத்துகிறது என்று பாருங்கள்.

முதலில் பீட்டர். கறுப்பு உடை அவன் மேல் ஏறியதும் அவன் முரடனாகிறான். நண்பர்களிடம் எரிந்து விழுகிறான், காதலியிடம் கடுமையாகப் பேசுகிறான். ஆனால் விளையாடுகிற நமக்கு அது கொண்டாட்டம். புதிய அடிகள், புதிய ஆற்றல்கள், வெறியை அவிழ்த்துவிட ஒரு தனிப் பொத்தான். அவன் கோபத்துக்குள் மணிக்கணக்கில் வாழ்கிறோம். ஒரு கட்டத்தில் மைல்ஸாக நின்று அவனை எதிர்த்து அடிக்கிறோம் என்பது உண்மை. ஆனால் அதற்குள் அந்தக் கோபத்தின் ருசி நம் விரல்களுக்குப் பழகிவிட்டது. பிறகு அவனைக் குணப்படுத்தும் வெள்ளைப் பொருளும் அவனுக்கு இன்னொரு வலிமையாகிவிடுகிறது. நோயும் லாபம், மருந்தும் லாபம்.

அடுத்தவன் ஹாரி ஆஸ்போர்ன், பீட்டரின் நண்பன். சாவின் விளிம்பில் இருந்தவனை அந்தப் பிசின் எழுப்பி நிறுத்துகிறது. அதை இழந்து, மீண்டும் பெற்று, வெனம் என்ற பூதமாகிறான். கதையின் பெரிய வில்லன் அவன். ஆனாலும் ஒரு கட்டம் முழுக்க வெனமை இயக்கும் வாய்ப்பை நமக்கே தருகிறார்கள். அவன் ஆத்திரத்தோடு நாமும் சுவரை உடைத்து, ஆட்களைத் தூக்கி எறிந்து வெளியேறுகிறோம்.

மூன்றாவது, மேரி ஜேன். பத்திரிகையாளர். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தோடு நாட்களை ஓட்டுகிறவள். அவளுடைய காதலனோ ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த கையோடு அதை இழந்தவன். அத்தை விட்டுச்சென்ற வீட்டின் கடன் தவணை கட்ட வழியில்லாதவன். ஊரைக் காக்க எந்த நேரமும் எழுந்து ஓடுகிறவன். அவளைப் பிசின் பற்றும்போது அவள் 'ஸ்க்ரீம்' ஆகிறாள். பெயரே அலறல். கூந்தல் பாம்புகளாக நெளிய, அவள் தன் மனக்குறைகளைக் கொட்டுகிறாள். தன் வாழ்க்கை எப்போதும் அவனுடைய கடமைகளுக்குப் பின்னால் தள்ளிவைக்கப்பட்டதைச் சொல்கிறாள். நியாயமான புகார். அதைச் சொல்லும் அவளாக நாம் ஒரு நிமிடம்கூட விளையாடுவதில்லை. பீட்டராக நின்று அவளை அடிக்கிறோம். அவள் தலைக்கு மேல் ஒரு பட்டை. பேசப் பேச அடிக்க வேண்டும், பட்டை காலியாக வேண்டும். காலியானதும் பிசின் கழன்று விழுகிறது, பழைய மேரி ஜேன் மீள்கிறாள். சொன்ன புகார்களோடு கதை உட்கார்ந்து பேசுவதில்லை. வெனமை நோக்கி ஓடிவிடுகிறது.

இந்தக் காட்சி நமக்குப் புதிதா? மாமியார் வீட்டில் வாய் திறக்க முடியாதவள் பேய் பிடித்தால் மட்டும் பேசுவாள். அப்போதும் ஊர் கேட்பது 'உனக்கு என்ன குறை' என்றல்ல, 'நீ யார், எப்போது இறங்குவாய்' என்று. உடுக்கை அடித்து, வேப்பிலையால் விளாசி, உச்சிமுடியை அறுத்து மரத்தில் ஆணியடித்துவிட்டால் வீடு பழையபடி நடக்கும். பேசியது அவளல்ல, பேய். ஆகவே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் கணினிமுன் உட்கார்ந்து எழுதியவர்களும் அதே வசதியான வழியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

'இது ஸ்பைடர்மேன் கதை, அவளை எதற்கு இயக்க வேண்டும்' என்று சிலர் கேட்பார்கள். அந்த வாதம் நிற்காது. வெனமையே இயக்கக் கொடுத்தவர்கள் இவர்கள். மேரி ஜேனையும் பல கட்டங்களில் இயக்குகிறோம். முதல் பாகத்தில் அவள் பதுங்கிப் பதுங்கிப் போக வேண்டும், கண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. இந்தப் பாகத்தில் மின்னதிர்ச்சித் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். உடனே ஒரு கூட்டம் சிரித்தது: நாங்கள் பத்து அடி அடித்தும் விழாத வேட்டைக்காரன் இவள் ஒரு குண்டுக்கு விழுவதா? பத்துமாடிக் கட்டடத்திலிருந்து குதித்தும் கால் உடையாத ஆணை நம்பியவர்களுக்கு, துப்பாக்கி சுட்டால் ஆள் விழுவதை நம்ப முடியவில்லை. அவள் முகம் போதுமான அளவு அழகாக இல்லை என்று வேறு சண்டை. அந்த முகத்துக்கு மாதிரியாக இருந்த நடிகை, தன்னைப் பின்தொடர்ந்து தொல்லை செய்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் அளவுக்கு அது போனது.

இந்த வெறுப்புக்கு எதிராக நாம் மேரி ஜேன் பக்கம் நிற்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அதற்காக அந்தத் துப்பாக்கியைப் பெண் விடுதலை என்று கொண்டாட நான் தயாரில்லை. ஆயுதம் கொடுப்பது சுலபம். ஆணைப் போலச் சுடும் பெண்ணைச் சந்தை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆணின் மேல் கோபப்படும் பெண்ணைத்தான் அதற்குத் தாங்கவில்லை. கடைசியில் அவள் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஒரு பாட்காஸ்ட் தொடங்குகிறாள். நல்லது. ஆனால் அவளுக்குச் சொந்தக் குரல் கிடைப்பதற்கு முன் அந்தக் குரலின் கூர்மையை அடித்து இறக்கியாயிற்றே.

இதே விளையாட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஹெய்லி கூப்பர், காது கேளாத ஓவியப் பெண். ஒரு சிறு கட்டத்தில் அவளாக நடக்கிறோம். நகரத்தின் இரைச்சல் அடங்கிப்போகிறது. சைகைமொழியிலும் படங்களிலும் உலகம் நம்மிடம் பேசுகிறது. அவளைப் பார்த்து இரக்கப்படச் சொல்லவில்லை, அவளுடைய புலன்களோடு சில நிமிடம் இருக்கச் சொல்கிறார்கள். வீடியோ கேம் என்ற கலையால் மட்டுமே முடிகிற காரியம் அது. ஹெய்லிக்குச் செய்யத் தெரிந்தவர்களுக்கு மேரி ஜேனுக்குச் செய்யத் தெரியாதா? தெரியும். செய்யவில்லை.

தோழிகளே, உங்களில் பலர் நிரல் எழுதப் படிக்கிறீர்கள். நாளை இப்படிப்பட்ட நிறுவனங்களில் வேலைக்குப் போவீர்கள். 'வலிமையான பெண் பாத்திரம்' வேண்டும் என்று அங்கே ஒரு கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அப்போது அவளுக்கு என்ன ஆயுதம் என்று பட்டியல் போடாதீர்கள். அவள் கோபப்படும்போது கன்ட்ரோலர் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். அவளை அடிக்கிறவன் கையில் என்றால், அந்தக் காட்சியைத் திருப்பி எழுதச் சொல்லுங்கள்.