குற்றவியல் கற்றவர்க்கு இடமெங்கே?

குற்றவியலும் தடய விஞ்ஞானமும் கற்றுப் பட்டம் பெற நம் வாலிபர்கள் முன்வருவது மகிழத்தக்கதே. ஆயின், அவர்கள் கற்ற வித்தைக்குச் சர்க்கார் எங்கே இடம் வைத்திருக்கிறது?

இந்நாட்டுக்கு இவ்வித்தை புதிதன்று. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் ஸ்தாபிக்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அஜிஸுல் ஹக்கும் ஹேமசந்திர போஸும் பெரும்பாடுபட்டார்கள். உலகமோ அதனை ஹென்றி முறை என்றே அழைக்கிறது. உழைப்பு நம்மவருடையது, பெயர் துரையுடையது!

2024 ஜூலை 1 முதல் அமுலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை, 7 வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் ஸ்தலத்துக்கே சென்று சாட்சியம் திரட்ட வேண்டுமென்று விதிக்கிறது. இவ்விதியை நடைமுறைக்குக் கொண்டுவர ராஜ்ய சர்க்கார்களுக்கு 5 வருஷத் தவணையும் அளித்திருக்கிறது. நிபுணரை நியமியாமல் தவணையைக் கழிப்பது, வைத்தியரில்லாத ஆஸ்பத்திரிக்குத் திறப்பு விழா நடத்துவதை ஒக்கும்.

இது உத்தியோகப் பிரச்னை மாத்திரமா? 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நூற்றுக்குச் சுமார் 76 பேர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். பரிசோதனை அறிக்கை தாமதித்தால் வழக்கும் தாமதிக்கும். நிரபராதியும் கம்பிக்குப் பின்னே காத்திருப்பான்.

ஆகவே, ஜில்லாதோறும் பரிசோதனைச் சாலை வேண்டும். பயின்றவர்க்கு அங்கே நிரந்தரப் பதவி வேண்டும். போலீஸ் அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு அடங்காத சுதந்திரமும் வேண்டும். மாணவர்களே! குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பது உங்கள் வித்தைக்குப் பெருமை. குற்றமற்றவனை மீட்பது அதனினும் பெருமை. அதை மறவாதிருங்கள்.