பெசஹா அப்பம்: யார் வீட்டு வழக்கம்?

கலப்புக் கல்யாணம்னா சாதியோ மதமோ மாறணும்னு நினைச்சுக்கிட்டிருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். ஒரே போப்பாண்டவருக்குக் கீழே இருக்கிற ரெண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் சம்பந்தம் பண்ணினாலே போதும், சமையலறையில் கலகம் வந்துடும். அதுவும் தவக்காலத்தில்.

நான் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் பேசுறது தமிழ், கோயில் லத்தீன் ரீத்து. எங்க பக்கத்துப் பங்குகள் ரொம்ப காலம் கோயமுத்தூர் மறைமாவட்டத்தில்தான் இருந்தது. 2013-ல்தான் சுல்தான்பேட்டை தனி மறைமாவட்டம் ஆச்சு. தங்கமணி இடுக்கியில் நெடுங்கண்டம் பக்கம், சீரோ மலபார். தாத்தா காலத்தில் பாலா பக்கத்திலிருந்து மலையேறின குடியேற்றக் குடும்பம். (தேவிகுளம், பீர்மேடு யாருக்குன்னு 1956 வரைக்கும் நடந்த சண்டையை எங்க வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இன்னும் தொடர்ந்துக்கிட்டு இருக்கோம். அது தனிப் பதிவு.) இப்போ பொட்டி தட்டுறது அமெரிக்காவின் நடுவாந்திரத்தில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு ஊரில். பக்கத்துச் சீரோ மலபார் கோயிலுக்கு மூணு மணி நேரம் வண்டி ஓட்டணும்.

சண்டை முதலில் நாள் கணக்கில் ஆரம்பிக்கும். எங்களுக்குத் தவக்காலம் சாம்பல் புதன் அன்னைக்குத் துவங்கும். அவங்களுக்கு அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, திங்கட்கிழமையே. நாங்க நாற்பது நாள்னு சொல்லுவோம், வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாம இருந்தா ஓரளவுக்குப் போதும். அவங்க அம்பது நோம்பு. கறி, மீன், முட்டை, பால் எல்லாமே விடுற வீடுகள் உண்டு. ஆக, அந்தத் திங்கள் செவ்வாய் ரெண்டு நாளும் ஒரே மேசையில் எனக்குக் கோழிக்குழம்பு, அவளுக்குப் பயறு. முதல் வருஷம் சாப்பிட்டேன். அப்புறம் இறங்கலை.

பெரிய விஷயம் பெரிய வியாழன் ராத்திரிதான். நம்ம தமிழ் வீடுகளில் அன்னைக்குக் கோயிலில் பாதம் கழுவுற சடங்கு, நற்கருணை ஆராதனை, அதோட சரி. வீட்டில் தனியா ஒண்ணும் கிடையாது. மார்த்தோமா கிறிஸ்தவங்க வீட்டில் அன்னைக்கு இருட்டினதும் பெசஹா. 'பாஸ்கா'ங்கிற அதே சொல்தான், சிரியாக் வழியா வந்தது. பச்சரிசி மாவு, உளுந்து, தேங்காய், கொஞ்சம் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் சேர்த்து அரைச்சு, புளிக்க விடாம உடனே ஆவியில் வேகவைக்கிற அப்பம். குருத்து ஞாயிறு அன்னைக்குக் கொண்டுவந்த ஓலையில் சிலுவை செஞ்சு மாவு மேலே வைப்பாங்க. கூடவே தேங்காய்ப்பால், வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சின பெசஹா பால். ஜெபம் சொல்லி, விடுதலைப் பயணம் 12-ஆம் அதிகாரம் வாசிச்சு, வீட்டுப் பெரியவர் அப்பத்தை வெட்டி மூத்தவங்க முதல் இளையவங்க வரைக்கும் வரிசையா கொடுப்பார். ரெண்டு கையாலயும் வாங்கணும்.

(வெல்லம்னா மறையூர் வெல்லம்தான்னு ஹைரேஞ்ச்காரங்க அடிச்சுச் சொல்லுவாங்க. 2019-ல் புவிசார் குறியீடு வேற கிடைச்சுடுச்சு, கேக்கணுமா!)

இதைப் பார்த்துட்டு 'நாங்க யூத வம்சம், இதான் ஆதாரம்'னு சொல்றவங்க தங்கமணி சொந்தத்திலேயே நிறைய. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பழைய ஏற்பாடு வாசிக்கிற எந்தச் சபையும் இந்த வழக்கத்தை எடுத்துக்கலாம். அதை விட வேடிக்கை ஒண்ணு இருக்கு. யூத சட்டப்படி பாஸ்கா வாரத்தில் 'புளிப்பு' ஆகக்கூடியது ஐந்தே தானியம்: கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட். அரிசி அதில் இல்லை. அப்போ அரிசி சாப்பிடலாமா? போலந்து, ஜெர்மனி வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் கூடாதுன்னாங்க. அரிசி, பயறு, பருப்பு எல்லாத்தையும் 'கிட்னியோட்'னு ஒரு பட்டியலில் போட்டுத் தள்ளி வெச்சாங்க. 13-ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான் இந்தத் தடை முதலில் கண்ணில் படுது. ஸ்பெயின், ஈராக் வழி யூதர்கள் அரிசியை விடவே இல்லை. நம்ம கொச்சி யூதர்களும் அரிசிக்காரங்கதான். ஆனா சும்மா இல்லை, பாஸ்காவுக்குப் பல வாரம் முன்னாடியே அரிசியை மணி மணியா பொறுக்கிச் சுத்தம் பண்ணுற அளவுக்கு அவங்க கெடுபிடி. ஆக, அரிசியும் உளுந்தும் சேர்ந்த நம்ம பெசஹா அப்பம் க்ராக்கோவில் வந்த யூதர் வீட்டில் மேசை ஏறாது. கொச்சி யூதர் கேட்டா, அரிசி பொறுக்கினது யாருன்னு மட்டும் கேட்டிருப்பார் :-)

என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் அஷ்கெனாசி, அவர் மனைவியின் பெற்றோர் பாக்தாத் யூதர்கள். பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வழக்கத்துக்கு மாறிடணும்ங்கிறதுதான் அங்கேயும் பொது விதி. (உலகம் பூரா இந்த விஷயத்தில் மட்டும் எவ்வளவு ஒத்துமை பாருங்க!) 2015-ல் அமெரிக்காவின் கன்சர்வேடிவ் பிரிவு ரபிகள் குழு, அஷ்கெனாசிகளும் கிட்னியோட் சாப்பிடலாம்னு சொல்லிடுச்சு. அவர் வீட்டில் என்ன முடிவுன்னு கேட்டேன். பாஸ்கா வாரத்தில் அரிசி சமைப்பாங்களாம், மனைவியும் பிள்ளைகளும் சாப்பிடுவாங்களாம். அவர் அதே மேசையில் உட்கார்ந்து அரிசியை மட்டும் தொடமாட்டாராம். தாத்தா தொடலை, அதனால நானும் தொடலைங்கிறார். பாக்தாத் மாமியார் அரிசியை அவர் வீட்டுச் சட்டம் தடுக்கலை, அவர் தட்டு மட்டும் தடுக்குது. எனக்கு இது பிடிச்சிருந்தது.

இனி என் கட்சி. வழக்கம்னா மொத்தமா ஏத்துக்கணும் இல்லைன்னா மொத்தமா விட்டுடணும்னு பேசுறவங்க யாருமே வீட்டில் சமைக்கிறவங்க இல்லை. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துத்தான் ஆகணும். நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு: இந்த விதியால வீட்டுக்கு ஆள் வராங்களா, இல்லை வீட்டில் இருக்கிற ஆள் பயப்படுறாங்களா?

அப்பம் விரிசல் விட்டா அந்த வருஷம் வீட்டுக்கு ஆகாதுன்னு தங்கமணி வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இட்லிச் சட்டி மூடியைத் திறக்கிறப்போ பெண்கள் முகத்தில் வர்ற பயத்தைப் பார்த்திருக்கேன். அதை நாங்க விட்டாச்சு. வீட்டு ஆண்பிள்ளைதான் வெட்டணும்ங்கிறதையும் விட்டாச்சு. நான் வளர்ந்த வீட்டில் பெசஹாவே கிடையாது, மீசை இருக்குன்னு கத்தியை என் கையில் கொடுத்தா அது நாடகம். எங்க வீட்டில் தங்கமணிதான் வெட்டுறா. ஒரு சொந்தக்காரர் போனில் ஆட்சேபித்தார். திருச்சபைச் சட்டப்படி நற்கருணை அப்பம் கோதுமையில்தான் இருக்கணும்; இது அரிசி, வீட்டில் வேகவைச்சது, குருவானவர் வேண்டாத சடங்கு. அப்புறம் வெட்டுறது யாருன்னு என்ன தடைன்னு கேட்டேன். பதில் இல்லை.

என் பக்கத்திலிருந்து ஒண்ணு விடாம வெச்சிருக்கேன்: பெரிய வெள்ளிக்கஞ்சி. எங்க ஊர்க் கோயிலில் பெரிய அண்டாவில் காய்ச்சி ஊத்துவாங்க, யார் வந்து நின்னாலும் ஊத்துவாங்க. அம்மா போனில், "அவிங்க வழக்கம் அவிங்களுக்கு இருக்கட்டும் சாமி, கஞ்சிய மட்டும் விட்றாதே"ன்னாங்க. விடலை. ஆனா தங்கமணி வீட்டு வழக்கப்படி பாகற்காய்ச்சாறு ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் கஞ்சி. பிள்ளைங்க ஓட்டம் பிடிக்கிறது தனிக்கதை.

அடுத்ததுதான் நிஜமாவே கஷ்டமானது. போன அக்டோபரில் தங்கமணியோட அப்பச்சன் தவறிட்டார். வருஷத்துக்குள்ளே சாவு விழுந்த வீட்டில் பெசஹா அப்பம் சுடக்கூடாது. சொந்தமோ அக்கம்பக்கமோ கொண்டுவந்து கொடுக்கணும். நெடுங்கண்டத்தில் இது பிரச்சினையே இல்லை, பத்து வீட்டிலிருந்து வரும். இங்கே? சொந்தங்கள் சொன்னது, "யாரு பார்க்கப்போறா, பிள்ளைகளுக்காகச் சுட்டுக்கோ". அம்மச்சியே அப்படித்தான் சொன்னாங்க.

நான் மாட்டேன்னேன். விரிசல் சாஸ்திரத்தைத் தூக்கிப் போட்டவன் இதில் மட்டும் பிடிவாதம் பிடிக்கிறானேன்னு தங்கமணி ஒரு மாதிரி பார்த்தா. இந்த விதி துக்கத்தில் இருக்கிறவளைத் தண்டிக்கிறது இல்லை. இந்த வருஷம் நீ அடுப்பு மூட்டாதே, மத்தவங்க வரட்டும்னு ஊருக்கு வேலை கொடுக்கிறது. நாமே சுட்டுக்கிட்டா, அப்பச்சன் போனதை யாரும் வந்து கேட்காமலே அந்த ராத்திரி போயிடும்.

சரி, யார் கொண்டுவருவா? ரெண்டு தெரு தள்ளி ஒரு அக்கா இருக்காங்க, போடிநாயக்கனூர். மலைக்கு இந்தப்பக்கம் அவங்க, அந்தப்பக்கம் தங்கமணி, நடுவே ஏலக்காய்த் தோட்டம். இந்து. விஷயத்தைச் சொன்னேன். "தம்பி, உளுந்து போட்ட அரிசி மாவை அவிக்கணும், அவ்வளவுதானே? புளிக்கக்கூடாதுன்னா இன்னும் சுலபம்"னாங்க. தங்கமணி போனில் செய்முறை சொன்னா, குருத்து ஞாயிறு அன்னைக்கு இங்கே கோயிலில் கொடுத்த ஓலையில் சிலுவை செஞ்சு கொடுத்தனுப்பினா.

கிறிஸ்தவ வீட்டிலிருந்து வந்தாத்தான் செல்லும்னு சொந்தத்தில் ஒரு கட்சி. பக்கத்து வீடுன்னுதான் வழக்கம் சொல்லுது, பக்கத்து வீட்டுக்காரங்க ஞானஸ்நானச் சீட்டு காட்டணும்னு சொல்லலையே. 2026-ல் யூதர்களோட பாஸ்கா முதல் ராத்திரி ஏப்ரல் 1, பெரிய வியாழன் ஏப்ரல் 2. அவர் வீட்டு மேசையில் அரிசி ஒருத்தர் தட்டில் மட்டும் இல்லை. மறுநாள் எங்க வீட்டு மேசையில் போடி அப்பம்.

அக்கா உள்ளே வந்து தங்கமணி பக்கத்தில் உட்கார்ந்து அப்பச்சனைப் பத்தி ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டிருந்தாங்க. அப்பம் நல்லாத்தான் வந்திருந்தது. பாலில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். போடிக்காரங்க வேற எப்படிப் போடுவாங்க!