மேடுகளை அகற்றுமுன் வண்டுகளை எண்ணுக

கோலார் தங்கவயலில் கோரமண்டல் முதலிய பகுதிகளில் வாழ்வோர்க்குச் சயனைடு மேடுகளைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பெற்ற அரைமண் நூறாண்டுக் காலமாகச் சேர்ந்து பதின்மூன்று மேடுகளாக நிற்கின்றது. அதன் அளவு ஏறத்தாழ 330 இலட்சம் டன் என்பர். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பெற்றன. மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை மீட்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதத்தில் இசைவளித்தது. எவ்வளவு பொன் கிடைக்கும், எத்தனை பேருக்கு வேலை கிட்டும் என்பன கேட்கத்தக்க கேள்விகளே. இன்னொரு கேள்வியையும் அவற்றோடு சேர்க்க வேண்டுமென்பது என் கருத்து. அம்மேடுகளிலும் அவற்றைச் சூழ்ந்த புதர்நிலத்திலும் எத்தனை வகைத் தரைவண்டுகள் வாழ்கின்றன?

கேள்வி நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். வண்டென்றால் மலர் நாடும் கருவண்டையோ, தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டையோ நினைப்பதே நம் வழக்கம். தரைவண்டு என்பதோ மொழிபெயர்ப்பாளர் தேவைக்காக ஆக்கிக்கொண்ட சொல். மக்கள் வழக்கில் இவையெல்லாம் 'கறுப்புப் பூச்சி'தான். 'காரபிடே' என்னும் இக்குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 40,000 இனங்கள் உள்ளன. நீண்ட கால்கள், விரைந்த ஓட்டம், முன்னோக்கி நீண்ட வலிய தாடைகள் ஆகியவை இவற்றின் அடையாளங்கள்.

பெரும்பாலானவை இரவில் வேட்டையாடுவன. இரையைத் தாடையால் நசுக்கி, தம் குடலிலிருந்து செரிமான நீரை அதன்மேல் உமிழ்ந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும் இனங்கள் பல. அதாவது, உணவு வாய்க்குள் செல்லுமுன்னரே செரிக்கத் தொடங்கிவிடுகிறது! நாளொன்றுக்குத் தம் உடல் எடைக்கு ஒப்பான உணவை உண்ணவல்லவையும் உண்டு. அமாரா, ஹார்பாலஸ் ஆகிய பேரினங்களைச் சேர்ந்தவை களைச்செடிகளின் விதைகளையும் தின்கின்றன. வெந்நீராவி போன்ற நச்சுக் கலவையைப் பீய்ச்சும் குண்டெறி வண்டுகளுள் ஃபெரோப்சோஃபஸ் என்பது ஒரு பேரினம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆராயப்பட்ட அப்பேரினத்து இனங்களின் புழுக்கள் பிள்ளைப்பூச்சியின் முட்டைகளைத் தின்று வளர்வன. இப்பேரினத்தின் வண்டுகள் இந்தியாவிலும் உள்ளன.

தங்கவயலைச் சுற்றிலும் கேழ்வரகு வயல்கள். கோலார் மாவட்டமோ தக்காளிக்குப் பேர்பெற்றது. தக்காளியின் காய்ப்புழு மண்ணுக்குள் இறங்கியே கூட்டுப்புழுவாகிறது. இளஞ்செடியை அடியோடு துண்டிக்கும் வெட்டுப்புழு பகலில் மண்ணில் ஒளிந்து இரவில் வெளிவருகிறது. இலைமேல் தெளிக்கும் மருந்து மண்ணுள் ஒளிந்திருக்கும் புழுவை எளிதில் எட்டுவதில்லை, தரைவண்டு எட்டுகிறது. ஆயின் மண்ணில் இடும் நஞ்சு, பகைப்பூச்சியோடு அதனை உண்பதையும் கொல்லும். உழாது விடப்பட்ட வரப்பும் புதரும் தரைவண்டுகளுக்குப் புகலிடம். தங்கவயலில் அத்தகைய தரிசு நிலம் சுரங்க மேடுகளை ஒட்டியே பெரிதும் கிடக்கின்றது.

மேடுகளை அகற்றினால் என்ன, வண்டுகள் மீண்டும் வந்து சேருமே என்று கேட்கலாம். இங்குதான் விஷயம் உள்ளது. தரைவண்டுகளுள் பறப்பன உண்டு; சிறகு குன்றிப் பறக்கவியலாதனவும் பல. கலைக்கப்பட்ட நிலத்திற்கு முதலில் வருபவை பறப்பனவே. பறவாதவை நடந்துதான் வரவேண்டும். தென்னிந்திய வறண்ட புதர்நிலங்களில் வாழும் ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா இதற்குச் சான்று. கரிய முதுகில் ஆறு வெண்புள்ளிகள் கொண்டு, சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள இவ்வண்டு, பகைவர்மேல் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்ச வல்லது; பறக்க மட்டும் இயலாது. ஓரிடத்தில் இது அழிந்தால், இடையில் சாலையும் கட்டடமும் இருக்குமாயின், மீள்வது அரிது. ஆகவே ஒரு நிலத்தில் பறவாத வண்டுகள் எத்தனை என்பது, அந்நிலம் எவ்வளவு காலம் கலையாதிருந்தது என்பதற்கு ஒரு குறிப்பாகும்.

எண்ணும் முறை எளிது. விளிம்பு தரைமட்டத்தில் இருக்குமாறு ஒரு குவளையைப் புதைத்து, மழை நீர் விழாதபடி மேலே சிறு தகடு ஒன்றை உயர்த்தி வைத்து, காலைதோறும் விழுந்தவற்றைப் பார்த்துப் பதிவு செய்தல் வேண்டும். அதிகம் ஓடும் வண்டே அதிகம் விழும். ஆதலால் குவளைக் கணக்கை அப்படியே தொகைக் கணக்காகக் கொள்ளலாகாது. இனங்காண்பதோ எளிதன்று. இந்திய விலங்கின வரிசையில் ஆண்ட்ரூஸ் 1929, 1935 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இரு தொகுதிகள் இன்றும் துணை புரியும். ஆயினும் அவை குடும்பம் முழுவதையும் அடக்கவில்லை. இதற்குத் தேர்ந்தவரின் உதவி தேவை. சுற்றுப்புறப் புதர்நிலத்தில் குவளை வைப்பதைப் பள்ளி மாணவர் செய்யலாம். மேடுகளின்மேல் அவர்களை ஏற்றலாகாது. அங்குள்ள நுண்தூசி நுரையீரலுக்குத் தீங்கானது.

மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இவ்வூர் அகழப்பட்டது. 1965இல் இச்சுரங்கத்தின் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன. அத்தகைய ஊரில், மேல்மண்ணின் ஒரு சாண் ஆழத்தைப் பார்க்க ஓராண்டு ஒதுக்குவது மிகையன்று. மண் வாரும் இயந்திரம் இன்னும் ஏறாத மேடு எதுவாயினும், அங்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை கணக்கெடுத்து, அப்பட்டியலைத் திட்ட அறிக்கையோடு இணைக்க வேண்டும்.