நம் வீட்டுக் குழாய்களும் பிறர் உரிமையும்



சென்ற ஆண்டு ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பு, மேலப்பாளையத்தில் கட்டப்பட்டு வந்த ஒரு வீட்டுக்குக் குழாய் வேலைக்காக அழைக்கப்பட்டேன். மூன்று குளியலறைகள். சுவருக்கு ஆளுயர ஓடு, வெந்நீருக்குத் தனியாக சிபிவிசி லைன், ஒவ்வொரு கழிப்பறையிலும் பீச்சுக்குழாய். கழிப்பறைக் கோப்பை கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமைந்துவிடக் கூடாது என்பதில் வீட்டுக்காரர் மிகுந்த கவனத்துடன் இருந்தார். அதற்காகக் கட்டி முடித்த சுவரொன்றை இடித்து நகர்த்தவும் செய்தார். மார்க்கத்தைப் பேணும் மனிதர் என்று மகிழ்ந்தேன். பின்னர், கழிவுக் குழாயை எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேட்டேன். கொல்லைப்புறத்தை நோக்கிக் கையைக் காட்டினார். கொல்லைப்புறத்தில் ஓடுவது பாளையங்கால்வாய்.

“செப்டிக் டேங்குக்கு இடம் விடலியே, ஹாஜியார்?”

“எல்லாரும் கால்வாயிலதான தம்பி விட்டுருக்காங்க. நம்ம ஒரு வீட்டாலயா ஆறு கெட்டுப் போவுது?”

பைப் ரெஞ்சையும் ஹாக்ஸாவையும் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மறுநாளே வேறொருவர் அந்த வேலையை முடித்துக் கொடுத்தார். இதை என் பேணுதலுக்குச் சான்றாக எழுதவில்லை. அதற்கு முன்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டபடியே குழாய் பொருத்திக் கொடுத்தவன் நான். ஆகவே இக்கட்டுரையின் குற்றச்சாட்டுகளில் பாதி என் மீதே விழுகிறது.

கிப்லாவின் திசையைப் பேணும் நாம், கழிவின் திசையைப் பற்றி ஏன் கேட்பதில்லை? இரண்டும் ஒரே மார்க்கத்தின் சட்டங்கள்தாம். மக்கள் பயன்படுத்தும் நீர்த்துறைகளிலும், நடந்து செல்லும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும் மலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயலாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி இது. கால்வாய்க் கரையில் ஒருவர் குந்தியிருக்கக் கண்டால் முகம் சுளிக்கிறோம். அதே செயலை நான்கு அங்குல பிவிசி குழாய் வழியாக, ஓடு பதித்த அறைக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்தால் அது நாகரிகமாகிவிடுகிறது. குழாயின் நீளம் சட்டத்தை மாற்றுமா?

இக்கால்வாய் நம்முடைய சாக்கடை அல்ல. பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து, மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் கடந்து, குளங்களுக்கும் வயல்களுக்கும் போகிற பாசன நீர் அது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் வரை, இந்த ஆறு தமிழக எல்லையைத் தாண்டுவதே இல்லை. எனவே இதன் அழுக்குக்கு அண்டை மாநிலத்தார் எவரையும் நாம் குறை சொல்ல முடியாது. கீழே தூத்துக்குடி குடிப்பது இந்நீரைத்தான். காயல்பட்டினத்து நம் சொந்தங்கள் குடிப்பதும் இதையே. மேலே பத்தமடையில், நம் சமுதாயப் பெண்கள் கைபடச் செய்யும் பாய்க்குரிய கோரை ஓடும் நீரில் பல நாள் ஊறினால்தான் பட்டுப்போல் மெலிதாகக் கிழிக்க வரும். நம் திருமணங்களில் மணமக்களின் பெயர் நெய்த பாயைப் பெருமையுடன் விரிக்கிறோமே, அதன் மென்மையிலும் இந்த ஆற்றுக்குப் பங்குண்டு. 2024-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள், தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பதை நேரில் வந்து பார்வையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. நீதிபதிகள் வந்து சொல்லித்தான் இது நமக்குத் தெரிய வேண்டுமா?

“பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை, நாங்கள் என்ன செய்வோம்?” என்பார்கள். அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. அதற்காகக் கேட்க வேண்டியவர்களிடம் ஜமாஅத்தாகச் சேர்ந்து கேட்போம். ஆனால் பாதாளச் சாக்கடை என்ற ஒன்றே இல்லாத ஊர்களில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள்? அறை பிரித்த செப்டிக் டேங்க், அதையடுத்து உறிஞ்சு குழி. இடம் குறைந்த வீட்டுக்கு இரட்டைக் குழி முறை இருக்கிறது: ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்குத் திருப்பிவிட்டால், மூடிய குழியிலுள்ளது ஓராண்டுக்கு மேல் கிடந்து மக்கி உரமாகிவிடும். வாசலுக்கு அடியிலும் கட்டலாம், மேலே வண்டி நிறுத்தலாம். முற்றமே இல்லாத நெருக்கமான தெருக்களில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு தொட்டி கட்டி, நிரம்பும்போது லாரியை அழைத்து உறிஞ்சி எடுக்கலாம். (ஆளை இறக்கி அள்ளச் சொல்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அல்லாஹ்விடத்திலும் அது இலேசான காரியமாக இராது.) செலவு அதிகம் என்பவர்கள், வரவேற்பறைத் தரைக்கு இறக்கிய மார்பிளின் விலையைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

வெளியே போவதன் கதை இதுவென்றால், உள்ளே வருவதன் கதை இதைவிட மோசம்.

மாநகராட்சிக் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. தெருவில் போகும் பெரிய குழாயில் ஃபெரூல் பொருத்தி, அதிலிருந்து அரை அங்குலக் குழாயில் ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்புக் கொடுக்கிறார்கள். திறந்துவிடும் சில மணி நேரத்தில், தானாக இருக்கும் அழுத்தத்தால் தெருவின் கடைசி வீடு வரை ஓரளவு தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்பதே கணக்கு. இந்த இணைப்பில் ஒரு வீட்டுக்காரர் நேரடியாக மோட்டாரைப் பூட்டினால் என்ன ஆகும்? அவருடைய மாடித் தொட்டி அரை மணியில் நிரம்பும். கடைசி வீட்டுக் குழாயில் காற்று மட்டும் சீறும். அதைக் கண்டு இரண்டாம் வீட்டார் என்னை அழைப்பார், பிறகு மூன்றாம் வீட்டார். தெருவில் மோட்டார் வாங்க வசதியற்ற ஒரு விதவைத் தாய் இருப்பார். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்பார். அவரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அன்று என் கையில் டெஃப்லான் டேப்பும் ஒரு அரைக் குதிரைத்திறன் மோட்டாரும் இருந்தன.

மோட்டார் இழுப்பதால் வரும் இன்னொரு கேட்டைத் தொழில் தெரிந்தவர்கள் அறிவார்கள். தண்ணீர் தானாக வரும்போது குழாயில் விரிசல் இருந்தால் உள்ளிருப்பது வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சும்போது இது தலைகீழாகிறது. குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியே வெளியிலிருப்பது உள்ளே வரும். வெளியில் இருப்பது என்ன? பல தெருக்களில் குடிநீர்க் குழாய் கிடப்பது சாக்கடை ஓரத்தில்தான். தெருவில் ஒரே வாரத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஹோட்டல் பரோட்டாவைக் குறை சொல்வதற்கு முன் மோட்டார்களையும் எண்ணிப் பாருங்கள்.

இத்தனைக்கும் நேர்வழி கடினமானதன்று. தரைமட்டத்துக்குக் கீழே ஒரு சம்பு கட்டி, தண்ணீர் தானாக வந்து விழ விட்டு, நிரம்பியதும் அடைக்கும்படி மிதவை வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும். மோட்டார் இந்தச் சம்புவிலிருந்து மாடிக்கு ஏற்றட்டும். நம் பங்குக்கு வருவதை மட்டும் எடுத்தவர்களாவோம்.

அல்லாஹ்வுக்குரிய கடமையில் தவறினால் தவ்பாச் செய்து அவனிடமே மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் உரிமையைப் பறித்தால், பறிகொடுத்தவர் மன்னிக்கும்வரை அது நம் கணக்கில் நிற்கும் என்று ஜும்ஆ மேடைகளில் கேட்கிறோம். பள்ளியில் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போடுகிறோம். அந்தத் தண்ணீரில் செய்த ஒளூவின் நிலை என்ன என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. அந்தத் தண்ணீர் யாருடையது என்று மட்டும் எனக்குத் தெரியும். மதீனாவில் குடிநீருக்கு மக்கள் திண்டாடியபோது உஸ்மான் (ரழி) அவர்கள் ரூமா கிணற்றைத் தம் பொருளால் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். பொதுவில் இருப்பதைத் தமதாக்குவதற்கு அந்த வரலாற்றில் எங்கே இடமிருக்கிறது?

என் தொழிலைச் சேர்ந்த சகோதரர்களுக்கும் ஒரு சொல். “வீட்டுக்காரர் சொன்னார், செய்தேன்” என்று நாமும் நெடுங்காலம் சொல்லிவிட்டோம். பொருத்திய கை நம்முடையது. நமது தொழில் இழிவானதென்று எண்ணுவதால்தான், மறுத்துப் பேசும் தகுதி நமக்கில்லை என்று நினைக்கிறோம். 1206-ஆம் ஆண்டில் பொறிகளைப் பற்றிப் பெருநூல் எழுதி முடித்த அல்ஜஸரீ, நீரேற்றும் இயந்திரங்களோடு கைகழுவ நீர் வார்க்கும் மயில் வடிவக் கருவியையும் அதில் விவரித்திருக்கிறார். குழாயும் வால்வும் மிதவையும்தான் அவருக்கும் வேலை. இன்றோ பெண் கேட்டுப் போனால், மாப்பிள்ளை பிளம்பர் என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது. அதே பையன் துபாயில் அதே ரெஞ்சைப் பிடித்தால் ‘வெளிநாட்டு மாப்பிள்ளை’ ஆகிவிடுகிறான்! கூலி விஷயமும் அப்படித்தான். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தினர், குடிபுகும் விருந்துக்கு அழைத்துவிட்டு, பாக்கிக் கூலிக்குப் பெருநாள் கழித்து வரச் சொல்கிறார்கள். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாதவன் கால்வாய்க்குள் குழாய் விட மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்?

பள்ளிவாசல்களையும் விட்டுவிட முடியாது. நபியவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீரில் ஒளூச் செய்தார்கள். ஒரு பள்ளியில் வால்வு மாற்றப் போனபோது, குழாயடியில் வாளியை வைத்து ஓர் இளைஞரின் ஒளூவை அளந்தேன். ஒன்பது லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் இருபது லிட்டருக்கு மேல் வீணாக்கும். அதை நிறுத்தப் பெரும்பாலும் சில ரூபாய் வாஷர் போதும். முத்தவல்லிமார் மினாராவுக்கு வண்ண விளக்குப் போடுமுன் வாஷரைப் பார்க்கட்டும்.

மேலப்பாளையத்தில் கால்வாய்ப் பாலத்தில் நின்று பார்த்தால், கரையோரச் சுவர்களில் சாம்பல் நிறக் குழாய்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவற்றில் மூன்று நான் பொருத்தியவை. கூலி வேண்டாம், சாமான் மட்டும் வாங்கித் தாருங்கள், குழி வெட்டி மாற்றித் தருகிறேன் என்று அந்த மூன்று வீட்டாரிடமும் போய்க் கேட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மூன்றாமவர் வீட்டில், இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிற்றுக்கிழமை குழி தோண்டுகிறோம்.