மூடியைக் கழட்டிட்டுக் குடிங்க

ஊட்டி பஸ் ஸ்டாண்ட், டிசம்பர் மாசம், காலை ஆறரை மணி. குன்னூர் பஸ் கிளம்பப் போகுது. அவசரத்துல ஒரு கடையில ஃபில்டர் காபி பார்சல் வாங்கினேன். பேப்பர் கப்புக்கு மேல இறுக்கமா ஒரு பிளாஸ்டிக் மூடி. ஜன்னல் சீட்ல உட்கார்ந்து அந்தச் சின்ன ஓட்டை வழியா உறிஞ்சினேன். நாக்கு வெந்துச்சு. அதுகூடப் பரவாயில்லை, காபி குடிச்ச மாதிரியே இல்லை. சூடா, இனிப்பா ஏதோ தண்ணி. மூடியைக் கழட்டினதும்தான் வாசனையே வந்துச்சு.

நாம 'டேஸ்ட்'னு சொல்றதுல பெரும்பகுதி வாசனைதான். ஜலதோஷம் பிடிச்சா சாப்பாடு சப்புனு இருக்கும்ல, அதே கதை. நாக்குக்குத் தெரிஞ்சது கசப்பு, இனிப்பு, புளிப்புன்னு ஒரு சில சுவைதான். மூடி போட்டா, வாய்க்கு ஒரு ஓட்டை இருக்கு, மூக்குக்கு ஒண்ணும் இல்லை. விழுங்கும்போது தொண்டை வழியா மேல போற வாசனை மட்டும் மிச்சம்.

உங்க மெக்கானிக்கல் ஃப்ரெண்ட் உடனே 'ஹீட் லாஸ்'னு ஆரம்பிப்பான். சரிதான். காபி ஆறுறதுல ஆவியாதலுக்குப் பெரிய பங்கு, மூடி அதைத் தடுக்குது. ஆனா டவராவுல நாலு தடவை ஊத்தி ஆத்துறது எதுக்கு? சூட்டை வேணும்னே குறைச்சு, நுரையையும் வாசனையையும் எழுப்பத்தான். ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரம், அங்க தண்ணி கிட்டத்தட்ட 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். அதுவே நாக்குக்கு ரொம்ப அதிகம். மூடி போட்டா ஊதிக் குடிக்கவும் வழியில்லை. (மலைப்பாதை வளைவுல சட்டையில கொட்டாம இருக்க மூடி வேணும், ஒத்துக்கறேன்.)

குப்பைக் கணக்கு வேற. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேர்ந்து பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப் எல்லாம் தடை. நீலகிரியில அதுக்கு ரொம்ப முன்னாடியே, 2000-களின் தொடக்கத்துல சுப்ரியா சாஹு கலெக்டரா இருந்தப்பவே, பிளாஸ்டிக் ஒழிப்பு ஆரம்பிச்சாச்சு. அப்படியும் என் கையில அந்த மூடி. கடைக்காரரை மட்டும் திட்ட முடியாது, பார்சல் கேட்டதே நான்தான்.

செமஸ்டர் லீவுல ஊட்டி வந்தீங்கன்னா, "அண்ணா, கிளாஸ்லயே குடுங்க"ன்னு கேளுங்க. அந்தக் குளிர்ல சூடான கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, ஆவி முகத்துல அடிக்க அஞ்சு நிமிஷம் நின்னு குடிங்க. பஸ் போனாப் போகட்டும். குன்னூருக்கு அடுத்த பஸ் வரும்.